மாமனார் வயிற்றின் மேல் மல்பானி

சூரத் துணிச் சந்தையில் வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு விலை, புடவைக்குப் பதினொரு ரூபாய்.

நூலுக்குத் தனி, சாயத்துக்குத் தனி, கல் ஒட்டுவதற்குத் தனி. இந்தப் பதினொன்று மட்டும் எந்தப் பில்லிலும் ஏறாது. 'உங்களுக்கென்று போட்ட டிசைனை உங்கள் ஊரில் வேறொருவர் கண்ணில் காட்ட மாட்டேன்' என்று சொல்லும் வார்த்தைக்கான விலை அது. நம்பிக்கைக்கு விலையே கிடையாது என்று பேசுகிறவர்கள் மொத்த வியாபாரத்தில் இறங்காதவர்கள். தன்சுக்பாய் ஜரிவாலா இருபத்தைந்து வருஷமாக அதை விற்றுச் சாப்பிடுகிறவர். சில்லறையில் கொடுக்க மாட்டார். குறைந்தது ஐந்நூறு உருப்படி எடுக்க வேண்டும்.

அவருடைய நம்பிக்கையை அதிகமாகக் கொள்முதல் செய்தவர்கள் நாக்பூரில் எதிரெதிர்க் கடை வைத்திருந்த சாண்டக்கும் மல்பானியும். போதாக்குறைக்குச் சம்பந்திகள். பிள்ளைகளின் கல்யாணத்தில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மறுநாள் காலை கடை திறந்ததும் எதிர்க்கடைக் கண்ணாடியில் என்ன தொங்குகிறது என்றுதான் முதலில் பார்த்தார்கள். சாண்டக் பதினொன்று கொடுப்பது தன் டிசைன் மல்பானி கண்ணில் படாமலிருக்க. மல்பானி கொடுப்பது சாண்டக் கண்ணில் படாமலிருக்க. மற்றவரும் இதே கடையில்தான் வாங்குகிறார் என்பது இருவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி நடந்துகொள்ளும் செலவும் அந்தப் பதினொன்றில் அடக்கம்.

டிசைன்களெல்லாம் கடைக் கம்ப்யூட்டரில் இருந்தன. ஒரு காலத்தில் தன்சுக்பாயும் ஊர் உலகத்தைப் போல ஃபோல்டர்களுக்குப் பெயர் வைத்திருந்தார். கணக்கு எழுதிய ஒருவன் வேறு கடைக்கு வேலை மாறும்போது, நல்ல நல்ல பெயராகப் பார்த்து ஒரு பென்டிரைவில் அள்ளிக்கொண்டு போனான். தேடிக் களைக்கும் சிரமம்கூட அவனுக்கு இருக்கவில்லை. அன்றோடு பெயருக்கு முழுக்கு. எல்லாம் 'நியூ ஃபோல்டர்', 'நியூ ஃபோல்டர் 2', 'நியூ ஃபோல்டர் 3' என்று நாற்பதுக்கும் மேலே போய்க்கொண்டிருந்தது. எது யாருடையது என்பது தன்சுக்பாய்க்கு மட்டும் வெளிச்சம். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார்.

திரையில் பின்னணிப் படமாக அவருடைய கல்யாண குரூப் போட்டோ இருந்தது. ஆல்பம் தாப்தி ஆற்று வெள்ளத்தில் போய், ஸ்கேன் செய்து வைத்திருந்த அந்த ஒரு படம் மட்டும் மிஞ்சியது. அறுபது பேருக்குக் குறையாத சொந்தம், நான்கு வரிசை. ஒவ்வொரு வியாபாரியையும் அவருக்குத் தோதான உறவினர் மேல் உட்கார வைத்திருந்தார். பேரம் பேசியே உயிரை எடுக்கும் கான்பூர்க்காரர், காய்கறிக்காரியை அழவிட்ட பெரியம்மா முகத்தில். பணம் தர இழுத்தடிக்கும் இந்தூர்க்காரர், கடைசி வரிசையில் பாதி மறைந்து நின்ற சித்தப்பா மேல். எதிலும் குற்றம் கண்டுபிடிக்கும் சாண்டக், கல்யாணத்தன்று கறிக்கு உப்பு பற்றவில்லை என்று எழுந்துபோன தாய்மாமனின் தலைப்பாகையில். வந்தால் சாப்பிடாமல் போகாத மல்பானி, மாமனார் வயிற்றின் மேல். அந்த வயிற்றில் இன்னும் நான்கு ஃபோல்டருக்கு இடம் இருந்தது.

இடது மேல் மூலையில் மச்சினன் பிரக்னேஷ், பதினான்கு வயதில், வாயில் பாதி ஜிலேபியோடு நாற்காலி மேல் நின்றான். அவன் முகத்தில் இருந்தது குப்பைத் தொட்டி. அதை யாரும் அங்கே வைக்கவில்லை, தொட்டி பிறவியிலேயே அந்த மூலையில்தான் உட்காரும், அவன் அங்கே நின்றது அவன் தலையெழுத்து என்பது தன்சுக்பாயின் வாதம். நகர்த்த ஒரு இழுப்பு போதும். ஒன்பது வருஷமாக அவர் இழுக்கவில்லை.

பிரக்னேஷ் ஐஸ்கிரீம் கடை வைத்துப் பார்த்தான், செல்போன் கடை வைத்துப் பார்த்தான், இப்போது உத்னா பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர். தீபாவளிக் கொள்முதல் தொடங்கும் நேரத்தில், பழைய சிஸ்டத்தில் வரிக்கணக்குச் செயலி ஓட மாட்டேன் என்றது. "ஞாயித்துக்கிழமை வந்து புதுசு ஏத்திக் கொடுக்கறேன் ஜீஜாஜி, சும்மாவே" என்றான் பிரக்னேஷ். சும்மா என்ற சொல்லைக் கேட்டதும் எந்தச் சூரத் வியாபாரியும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். மனைவியின் தம்பி, ஜீஜாஜி என்று வாய் நிறைய அத்தான் முறை சொல்லி அழைப்பவன் என்பதால் தன்சுக்பாய் அசட்டையாக இருந்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை திரையைத் திறந்தபோது அவருடைய கல்யாணத்தைக் காணவில்லை. அந்த இடத்தில் ஏதோ ஒரு ஏரி, பின்னால் பனிமலை. ஃபோல்டர்கள் எல்லாம் இடது ஓரமாக, ரேஷன் கடை வாசலில் நிற்பது போல, எண் வரிசையில் நின்றன. அது மட்டுமல்ல. முன்பு மூடிய உறை மாதிரி இருந்த ஃபோல்டர்கள், இப்போது உள்ளே இருக்கும் டிசைனை ஓரமாக எட்டிப் பார்க்க விட்டன. மூடாத பெட்டியிலிருந்து புடவை பிதுங்குகிற மாதிரி நிறமும் ஓரமும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தது. வாயை மூடி வைத்திருக்கப் பணம் வாங்கியவர் திரையில் நாற்பது வாய்கள் பிளந்திருந்தன.

போனை எடுத்தார்.

"பிரக்னேஷ், என் குடும்பம் எங்கடா?"

"அக்கா வீட்டுலதான் இருப்பா, ஜீஜாஜி. என்ன, சண்டையா?"

"திரையில இருந்த குடும்பம்."

"ஓ, அதுவா. புதுசு ஏத்தினா புதுப் படம் வரும். ஏரி நல்லாத்தானே இருக்கு?"

"ஏரில எவன் மேல சாண்டக்கை உக்கார வைக்கிறது?"

"பேர் வைங்க, ஜீஜாஜி. உலகமே ஃபோல்டருக்குப் பேர் வச்சுத்தான் பொழைக்குது."

"உலகம் நாக்பூருக்கு மால் அனுப்பறதில்ல. கிளம்பி வா."

அவன் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. படம் போனாலும் இடம் நினைவிருக்கிறதே என்று தன்சுக்பாய் மவுஸைப் பிடித்தார். மாமனார் வயிறு இருந்த இடத்துக்கு, அதாவது ஏரியின் நடுவுக்கு, ஒரு ஃபோல்டரை இழுத்து விட்டார். அது வழுக்கிக்கொண்டு வரிசைக்கே திரும்பி ஓடியது. மறுபடி இழுத்தார், மறுபடி ஓடியது. மூன்றாம் முறை கை தவறி, வழியில் நின்ற இன்னொரு ஃபோல்டர் மேல் விட்டுவிட்டார். அது சத்தமில்லாமல் இதை விழுங்கிவிட்டது. இதை மீட்கத் தொட்டால், ஒரே தட்டில் வேறெதுவோ திறந்துகொண்டது. முன்பு இரண்டு தட்டு தட்டினால்தான் திறக்கும், விருந்துக்குப் போன வீட்டுக் கதவு மாதிரி. இப்போது நிழல் பட்டாலே திறந்தது.

அரை மணி நேரத்தில் நாற்பது சொச்சம் ஃபோல்டர் பதினான்காகக் குறைந்திருந்தது.

பக்கத்து மேசையில் பில் போட்டுக்கொண்டிருந்த நிமிஷா எட்டிப் பார்த்தாள். அந்தக் கடையில் சேட்டிடம் பயப்படாத ஒரே ஆள் அவள். 'பென்', அதாவது சகோதரி, என்றுதான் அவரும் அவளைக் கூப்பிடுவார்.

"எல்லாரும் எங்க, சேட்?"

"உள்ள இருக்காங்க. ஒருத்தருக்குள்ள ஒருத்தரா."

"கூட்டுக் குடும்பம் ஆயிடுச்சுன்னு சொல்லுங்க."

"சிரிக்காத, நிமிஷா பென். சாண்டக் எங்க, மல்பானி எங்கன்னு தெரியல. ஒருத்தனோடத ஒருத்தன் பாத்தா இருபத்தஞ்சு வருஷம் தாப்தில போச்சு."

"மல்பானிஜி நாளைக்குத்தானே?"

அதைக் கேட்டுக்கொண்டே இருந்தது போலப் போன் அடித்தது. மல்பானி. ஸ்டேஷனில் இறங்கிவிட்டாராம். ஒரு நாள் முன்னாலேயே டிக்கெட் கிடைத்ததாம். ஆவி பறக்கும் கடலைமாவு லோச்சோ சொல்லி வையுங்கள், வெண்ணெய் தூக்கலாக, என்று வைத்துவிட்டார்.

பிரக்னேஷ் முதலில் வந்து சேர்ந்தான். நாற்காலியில் உட்கார்ந்து, பதினான்கு ஃபோல்டரைப் பார்த்து, மரியாதைக்குச் சிரிக்காமல் இருந்தான். "ஒண்ணும் தொலையல ஜீஜாஜி. செஞ்சதையெல்லாம் ஒண்ணு ஒண்ணாத் திருப்பிக்கலாம். தானா வரிசைல நிக்கறதையும் நிறுத்திடறேன்."

"முதல்ல என் கல்யாணத்தக் கொண்டா."

"அது அப்கிரேடுல போயிடுச்சு."

"எங்க வீட்டுலயும் போன மாசம் இதையேதான் ஏத்தினாங்க," என்றாள் நிமிஷா, பில்லிலிருந்து தலையைத் தூக்காமல். "என் அம்பாஜி அம்மன் படம் அப்படியே இருந்துச்சு. புலிகூட ஒரு அடி நகரல."

பிரக்னேஷின் காது சிவந்தது. தன்சுக்பாய் அந்தக் காதையே பார்த்தார். பிறகு திரையின் மூலையில் இருந்த குப்பைத் தொட்டியைப் பார்த்தார். ஒரு தட்டு தட்டினார். திறந்துகொண்டது. உள்ளே வேறு எதுவும் இல்லை. மாப்பிள்ளை, பெண், மாமனார் வயிறு, நான்கு வரிசைச் சொந்தம், மொத்தக் கல்யாணமும் கிடந்தது.

"திருட்டுப் பயலே," என்றார் தன்சுக்பாய். வராந்தா வரை கேட்டது.

"ஒன்பது வருஷம், ஜீஜாஜி," என்றான் பிரக்னேஷ். குரல் தாழ்ந்துதான் இருந்தது. "தீபாவளிக்கு வந்தாலும் அதான், பணம் கேக்க வந்தாலும் அதான். இங்க வர்ற சேட்டுங்க எல்லாம் ஏஜென்டுங்க எல்லாம் பாக்கறாங்க. 'அந்தத் தொட்டிக்குக் கீழ இருக்கறது யாரு'ன்னு ஒருத்தர் கேட்டாரு. 'என் மச்சினன்'னு நீங்க சொன்னீங்க. அவரு சிரிச்சாரு. நீங்களும் சிரிச்சீங்க. நான் பக்கத்துலதான் டீ குடிச்சிட்டு நின்னேன். ஒருத்தன் மேல மட்டும் குப்பை எதுக்கு, எல்லாரையும் போட்டுடலாம்னு தோணிச்சு."

தன்சுக்பாய் தொட்டியை மூடுவதற்குள் மல்பானி வந்துவிட்டார்.

செருப்பைக் கழற்றி, வெள்ளை மெத்தையில் சாய்ந்து, லோச்சோவை முடித்து, ஐஸ் மிதக்கும் கோகோ பாலை உறிஞ்சிய பிறகுதான் மல்பானி சரக்கைப் பற்றி வாயைத் திறப்பார். அந்த இடைவெளியில் பிரக்னேஷ் பதினான்கில் துழாவி மல்பானியின் ஃபோல்டரைக் கண்டுபிடித்துவிட்டான். வெங்காயச் சிவப்பும் கிளிப் பச்சையுமாகக் கத்திக்கொண்டிருந்ததால் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஆனால் பிரிக்க நேரம் இருக்கவில்லை. மல்பானி விரலைத் துடைத்துக்கொண்டு, "ம், காட்டுங்க" என்றார்.

சுவரில் மாட்டிய பெரிய டிவியில் மல்பானியின் தீபாவளி விரிந்தது. பதினெட்டு டிசைன். பத்தொன்பதாவதாக, ஓரத்தில், ஒரு ஃபோல்டர். அதிலிருந்து நாவல்பழ நிறம் எட்டிப் பார்த்தது. உடல் முழுக்க வெறுமை, ஓரத்தில் மட்டும் சாம்பல் நாரைகள் வரிசையாக. சாண்டக்கின் டிசைன். தாய்மாமன் தலைப்பாகையிலிருந்து இறங்கி, நேரே மாமனார் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்திருந்தது.

"அந்த நாவல்பழம் என்ன?" என்றார் மல்பானி.

"அது வேற, மல்பானிஜி."

"என் டப்பாவுக்குள்ள இருக்கு. எனக்கு வேறன்னா எப்படி?"

"சாயம் ஓடுது. டெஸ்ட்ல நிக்கல."

"படத்துல ஓடலையே. ஆயிரத்து எண்ணூறு உருப்படி போடுங்க. பதினொன்னுக்குப் பதினஞ்சு."

"வேணாம்."

"இருபது."

இருபது என்பது சாதாரண எண் அல்ல. அந்த மாடியில் யாரும் அதுவரை கேட்காத எண். மல்பானி கோகோ டம்ளரைக் கீழே வைத்தார்.

"இருபதை வேணாங்கற ஆளை இந்த மார்க்கெட்ல இப்பத்தான் பாக்கறேன். சரி, யாருக்கோ குடுத்திருக்கீங்க. கல்கத்தாக்காரருக்கா? அப்ப எனக்கென்ன, நான் நாக்பூர்ல விக்கறேன். கான்பூரா? அதுவும் பரவாயில்ல. உங்க வார்த்தை ஊருக்கு ஊர்தானே? எனக்குத் தர முடியலன்னா..."

மீதியை அவர் சொல்லத் தேவையில்லை. கொடுத்தால் சாண்டக் போனார். கொடுக்காவிட்டால், அது சாண்டக்குடையது என்று மைக் வைத்துச் சொன்ன மாதிரி. பெயரைச் சொல்லாமலே சொல்லியாகிவிட்டது. வியாபாரத்தில் தன்சுக்பாய் பொய்க்குப் பஞ்சப்பட்டவர் அல்ல, ஆனால் அன்று நாற்பது பொய்யும் ஒன்றுக்குள் ஒன்று போய் மாட்டிக்கொண்டன.

"அது திருட்டு மால், சேட்," என்றான் பிரக்னேஷ்.

மல்பானி திரும்பிப் பார்த்தார்.

"பக்கத்துக் கட்டடத்துல ஒரு கடைக்கு ரிப்பேருக்குப் போயிருந்தேன். அவங்க மெஷின்லேர்ந்து எடுத்துட்டு வந்தேன். ஜீஜாஜிக்கு உபயோகப்படும்னு நேத்து இதுல போட்டேன். காலைலேர்ந்து திட்டு. அவங்க பதிவு பண்ணின டிசைன். நீங்க வாங்கினா கேஸ் நாக்பூருக்கு வரும்."

மல்பானி வராந்தாவில் வரும்போதே 'திருட்டுப் பயலே' என்பதைக் கேட்டிருந்தார். தன்சுக்பாயின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் அதிர்ச்சி, கோபம், இன்னும் பெயர் தெரியாத ஒன்று எல்லாம் கலந்து கிடந்தன. நடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல், திருடனைப் பெற்ற வீட்டில் பெண் எடுத்தவனின் முகமாகவே அது இருந்தது.

"இவனையா வீட்டுக்குள்ள விடறீங்க?"

"பொண்டாட்டி தம்பி," என்றார் தன்சுக்பாய். "என்ன பண்றது?"

மல்பானி மேலே ஓடும் ஃபேனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் மேலே பார்த்தால் கீழே யாருக்கோ நஷ்டம்.

"சரி, அதை விடுங்க. என் பதினெட்டுலேர்ந்து எடுக்கறேன், ஆயிரத்து எண்ணூறு. ஆனா திருடன் நடமாடற கடைல பதினொன்னு ஜாஸ்தி. பத்தரை."

"மல்பானிஜி..."

"பத்தரை. இல்லன்னா நான் போய் அந்தப் பக்கத்துக் கட்டடத்தையே விசாரிச்சுக்கறேன்."

பத்தரைக்கு முடிந்தது. எழுந்து செருப்பில் காலை நுழைத்த மல்பானி பிரக்னேஷிடம், "தம்பி, நாக்பூர்ல என் கடைலயும் கம்ப்யூட்டர் இருக்கு. உன்னைக் கூப்பிட மாட்டேன்" என்றார். பிறகு தன்சுக்பாய் பக்கம் திரும்பி, யாரைப் பற்றியோ பேசுவது போல, "என் சம்பந்திக்கு நாவல்பழ நிறம்னா உசுரு. பேரனுக்குப் பிறந்த நாள் சட்டைகூட அதுலதான் எடுத்தாரு" என்றார்.

"அப்படியா? உங்க சம்பந்தி யாருன்னே எனக்குத் தெரியாதே," என்றார் தன்சுக்பாய்.

மல்பானி அவர் தோளைத் தட்டினார். "அதுக்குத்தான் பத்தரை தர்றேன்."

அவர் லிஃப்டில் இறங்கிப் போனார். பிரக்னேஷ் திரும்பத் திரும்ப ஒரே விசைகளைத் தட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தட்டுக்கும் கூட்டுக் குடும்பத்திலிருந்து ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனிக்குடித்தனம் போனார். எட்டிப் பார்ப்பதை நிறுத்தினான். ஒரு தட்டில் திறப்பதையும் நிறுத்தினான். கடைசியாகக் குப்பையிலிருந்து கல்யாணத்தை எடுத்துத் தூசி தட்டிப் பழைய இடத்தில் விரித்தான். ஏரி மறைந்தது.

தன்சுக்பாய் மவுஸை வாங்கிக்கொண்டார். கான்பூரைப் பெரியம்மா முகத்தில் வைத்தார். சாண்டக்கைத் தலைப்பாகையில் வைத்தார். மல்பானியை வயிற்றில் வைத்தபோது, முன்பை விடக் கொஞ்சம் அழுத்தி வைத்த மாதிரி இருந்தது. எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. இடது மூலையில் குப்பைத் தொட்டி, அதன் கீழே ஜிலேபியின் ஒரு துண்டு மட்டும் தெரிந்தது.

தொட்டியைப் பிடித்து இழுத்தார். அது மாமன்கள் மேலாக, அத்தைகள் மேலாக ஊர்ந்து வந்தது. மாமனாரைக் கடக்கும்போது ஒரு கணம் தயங்கியது. ஆசைதான், ஆனால் மனைவி தருலதாவுக்குத் தெரிந்தால் அன்றைக்குச் சாப்பாடு கிடைக்காது. கடைசியில் நடுவில் மாலையோடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் முகத்தில் கொண்டுவந்து விட்டார். அங்கேயே நின்றது.

பிரக்னேஷ் பார்த்தான். "அந்தத் தலைப்பாகை உங்களுக்கு நல்லாத்தான் இருந்துச்சு, ஜீஜாஜி."

"வாடகைக்கு எடுத்தது. வாய மூடு. இப்ப கணக்குப் பாப்போம். அரை ரூபா, ஆயிரத்து எண்ணூறு உருப்படி. தொள்ளாயிரம் உன்னால போச்சு."

"திருடன்னு பேர் வாங்கிக்கிட்டேனே, அதுக்கு?"

"என்ன கேக்கற?"

அவன் யோசித்தான். "தொள்ளாயிரம்."

"சரி. என் கல்யாணத்தக் குப்பைல போட்டது?"

"என்னை ஒன்பது வருஷம் குப்பைக்குக் கீழ வச்சது?"

"நான் ஒரு ராத்திரிதானே கிடந்தேன்?"

"அறுபது பேரா கிடந்தீங்க."

தன்சுக்பாய் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தார். அநியாயமான விலையாகத் தெரியவில்லை. "நேருக்கு நேர், தீந்துது," என்றார்.

"என் கணக்கு பாக்கி இருக்கு, சேட்," என்றாள் நிமிஷா.

"உனக்கென்ன கணக்கு?"

"நாளைக்குத் தருலதா பென் கடைக்கு வருவாங்க. அவங்க தம்பியைத் திருடன்னு எவன் சொன்னான், கல்யாணப் படம் ராத்திரி பூரா எங்க கிடந்துச்சு, ஒன்பது வருஷமா தொட்டி யார் மூஞ்சில இருந்துச்சு, எல்லாத்தையும் நான் பாத்திருக்கேன். வாய மூடிக்கிட்டிருக்க இந்தக் கடைல ஒரு ரேட் இருக்கே."

"பத்தரை," என்றார் தன்சுக்பாய் உடனே.

"பதினொன்னு."

"இன்னைக்கு மார்க்கெட் பத்தரைக்கு இறங்கிடுச்சு. கேட்டுட்டுத்தானே இருந்த?"

அவள் கையை நீட்டினாள். பத்து ரூபாய் நாணயம் ஒன்றைத் தேடி எடுத்து வைத்தார். மீதிக்குக் கல்லாவைத் துழாவினார், பிரக்னேஷ் தன் பையைக் கவிழ்த்தான், டீக்கடைக்காரரையும் கேட்டாயிற்று. ஐம்பது பைசா நாணயம் சூரத்தில் யாரிடமும் இல்லை.

வரவு பத்து. பாக்கி, ஐம்பது பைசா. நிமிஷா மற்ற நாட்களில் அதைக் கேட்பதில்லை. தருலதா பென் கடைக்கு வரும் நாட்களில் மட்டும் கேட்கிறாள்.